கேள்வி கேட்காத முகங்கள்: செயற்கைக் காணொளிகளும் தாராவியும்

ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், எட்டு விநாடிக் காணொளி தயாராகிவிடும் என்று இன்று விளம்பரம் செய்யப்படுகிறது. கேமரா வேண்டாம், விளக்கு வேண்டாம், நடிகர் வேண்டாம், ஒப்பனைக் கலைஞர் வேண்டாம், அரங்கம் அமைக்கும் தச்சர் வேண்டாம். “மழை பெய்யும் மும்பைத் தெருவில் தேநீர் விற்கும் முதியவர்” என்று எழுதினால் மழையும் வரும், தெருவும் வரும், எங்கும் பிறந்திராத, எந்த ரேஷன் அட்டையிலும் பெயரில்லாத ஒரு முதியவரும் வருவார். அவர் உதடசைத்துப் பேசவும் செய்வார். அமெரிக்காவின் ஓப்பன்ஏஐ நிறுவனம் 2024 பிப்ரவரியில் ‘சோரா’வை அறிவித்தது. கூகுள் 2025 மே மாதத்தில் ஒலியோடு கூடிய ‘வியோ 3’ஐக் கொண்டுவந்தது. அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று ரிலையன்ஸ் ஜியோவும் கூகுளும் கைகோத்து, 35,100 ரூபாய் மதிப்புள்ளது என்று தாங்களே விலை போட்டுக்கொண்ட செயற்கை நுண்ணறிவுச் சேவையை ஜியோ வாடிக்கையாளர்களுக்கு 18 மாதங்களுக்கு இலவசமாகத் தருவதாக அறிவித்தன. 18 முதல் 25 வயது வரையிலான இளைஞர்களுக்குத்தான் முதல் பந்தி. காணொளி உருவாக்கும் கருவியும் அதில் அடக்கம்.

அம்பானி குழுமம் இலவசமாக எதையும் தந்து நட்டப்பட்டதாக வரலாறு இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ இலவச இணையத்தோடுதான் சந்தைக்கு வந்தது. அதன் பிறகு பிஎஸ்என்எல் என்ன நிலைக்குத் தள்ளப்பட்டது, தனியார் போட்டியாளர்களில் எத்தனை பேர் மிஞ்சினார்கள், இன்று மாதக் கட்டணம் எவ்வளவு என்பதைத் தொலைத்தொடர்பு ஊழியர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனாலும் இந்தக் கருவிகளை ஆதரித்து முற்போக்கு வட்டாரங்களிலேயே ஒரு வாதம் உலவுகிறது. படப்பிடிப்பு நிலையம் இதுவரை முதலாளியின் கையில் இருந்தது, இப்போது அது ஏழையின் கைபேசிக்குள் வந்துவிட்டது, இது கலை ஜனநாயகமாவதன் அடையாளம், ஆகவே தொழிலாளி வர்க்கக் கட்சிகள் தயங்காமல் இதை எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்கிறது அந்த வாதம். இதைச் சொல்பவர்கள் எல்லோரும் கார்ப்பரேட் ஏஜெண்டுகள் அல்லர். பிரச்சாரத்துக்குப் பணமில்லாத இயக்கங்களில் இரவு பகலாக உழைக்கும் இளம் தோழர்கள்தான் அவர்களில் பலர். எனவே இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. அதை உரசிப் பார்ப்பதற்கு மும்பையை விடப் பொருத்தமான உரைகல் கிடைக்காது. இந்தியத் திரைத்தொழிலின் தலைநகரம் அது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள் தோல் பதனிட்டு வளர்த்த தாராவியும், நிலத்துக்காக அந்தத் தாராவியையே குறிவைக்கும் அதானியும் ஒருசேர இருக்கும் நகரமும் அதுதான்.

அரங்கம் அமைத்த கைகள்

1987இல் வெளிவந்த ‘நாயகன்’ படத்தின் தாராவியில் பெரும்பகுதி மும்பையில் இல்லை. சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் கலை இயக்குநர் தோட்டா தரணியின் தலைமையில் எழுந்தது அது. தச்சர்களும் வண்ணம் பூசுவோரும் சுமை தூக்குவோருமாகச் சேர்ந்து, ஒரு சேரியின் சந்துகளையும் தகரக் கூரைகளையும் சாக்கடை ஓரங்களையும் கட்டியெழுப்பினார்கள். கலை இயக்கத்துக்கான தேசிய விருது அப்படத்துக்குக் கிடைத்தது. 31 ஆண்டுகள் கழித்து ‘காலா’வுக்காகச் சென்னையை அடுத்த ஈ.வி.பி. திரைப்பட நகரில் இன்னொரு தாராவி எழுந்தது. புதுத் தகரத்தின் மேல் பழைய துருவை வண்ணத்தால் உண்டாக்கத் தெரிந்த கைகள் அவை. அந்தக் கைகளுக்குச் சங்கம் இருந்தது, பேட்டா இருந்தது, நேரம் கடந்தால் கூடுதல் கூலி கேட்கும் உரிமை இருந்தது. கூலி தராவிட்டால் விளக்கை அணைத்துவிட்டு வெளியேறும் வலிமையும் இருந்தது.

வரியைப் படமாக்கும் இயந்திரம் இவர்களை வென்றது எப்படி? படங்களும் அவற்றுக்கான விளக்க வாசகங்களும் கோடிக்கணக்கில் அதற்குக் காட்டப்படுகின்றன. படத்தின் மேல் புள்ளிகளைத் தூவிக் கலைப்பதும், கலைந்ததிலிருந்து பழைய படத்தை மீட்பதும்தான் அதற்குத் தரப்படும் பயிற்சி. இப்படித் திரும்பத் திரும்பப் பழகிய பிறகு, வெறும் புள்ளிக் குவியலிலிருந்து, எழுதப்பட்ட வாசகத்துக்குப் பொருந்தும் புதிய படத்தை அது வெளிக்கொணர்கிறது. இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. துரு எப்படி இருக்கும் என்பது இயந்திரத்துக்குத் தெரிகிறதென்றால், துருவைப் படம்பிடித்தவரும் துருவை வரைந்தவரும் அதற்கு முன்பே உழைத்திருக்கிறார்கள் என்று பொருள். உயிருள்ள உழைப்பின் மேல் இறந்த உழைப்பு ஏறி உட்காரும் விதத்தை மார்க்ஸ் நூற்பாலை இயந்திரத்தை வைத்து விளக்கினார். அந்த விளக்கத்துக்கு இதைவிடத் துலக்கமான உதாரணத்தை அவராலும் எதிர்பார்த்திருக்க முடியாது.

யாருடைய படங்கள், யாருடைய அனுமதியோடு? 2024 மார்ச்சில் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நேர்காணலில், சோராவுக்குப் பயிற்சியளிக்க யூடியூப் காணொளிகள் பயன்பட்டனவா என்று ஓப்பன்ஏஐயின் அன்றைய தொழில்நுட்பத் தலைவர் மீரா முராட்டியிடம் கேட்கப்பட்டது. தமக்கு உறுதியாகத் தெரியாது என்பதே அவரது பதில். சரக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாத வியாபாரியைத் தாராவியின் பழைய இரும்புக் கடையில்கூடப் போலீஸ் சும்மா விடுவதில்லை! இதே நிறுவனத்தின் சாட்ஜிபிடிக்காக நச்சு வாசகங்களைப் படித்துப் பிரித்துக் கொடுத்த கென்யத் தொழிலாளர்களின் கைக்குப் போன கூலி மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைவு என்பதை 2023 ஜனவரியில் ‘டைம்’ இதழ் வெளிக்கொண்டுவந்தது. உழைப்பே இல்லாமல் படம் உருவாகிறது என்கிறார்கள். உழைப்பு ஒழியவில்லை. சங்கம் இல்லாத இடத்துக்கு அது நாடு கடத்தப்பட்டிருக்கிறது.

செம்பூரில் 1948இல் ராஜ்கபூர் தொடங்கிய ஆர்.கே. ஸ்டூடியோ 2017 செப்டம்பரில் தீப்பிடித்தது. 2019இல் அந்த நிலத்தை கோத்ரெஜ் வாங்கியது, அடுக்குமாடிக் குடியிருப்புக்காக. படப்பிடிப்புத் தளத்தைவிட அது நிற்கும் மண்ணுக்கு விலை அதிகம் என்பதை மும்பை முதலாளிகள் செயற்கை நுண்ணறிவு வருவதற்கு முன்பே கண்டுகொண்டார்கள். தளமே தேவையில்லை என்று சொல்லும் தொழில்நுட்பம் இப்போது அவர்களுக்குக் கிடைத்த கூடுதல் ஆயுதம்.

தமிழ்த் திரையுலகம் இதை நேரடியாகவே சந்தித்துவிட்டது. 2013இல் வெளியான தனுஷ் நடித்த ‘ராஞ்சனா’வின் தமிழ் வடிவமான ‘அம்பிகாபதி’யை, முடிவைச் செயற்கை நுண்ணறிவால் மாற்றி, 2025 ஆகஸ்ட் 1 அன்று ஈராஸ் நிறுவனம் மீண்டும் திரையிட்டது. மூலப் படத்தில் இறந்துபோகும் நாயகன் புதிய முடிவில் பிழைத்துக்கொள்கிறான். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் நடிகர் தனுஷும் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். நிறுவனமோ பதிப்புரிமை தன்னுடையது என்றது. புகழ்பெற்ற நடிகரின் முகத்தையே அவரைக் கேட்காமல் அசைக்க முடியுமென்றால், கூட்டக் காட்சியில் நின்று அன்றாடக் கூலி வாங்கும் துணை நடிகரின் முகத்துக்கு யார் பொறுப்பு? 2023இல் ஹாலிவுட்டில் எழுத்தாளர்கள் 148 நாட்களும் நடிகர்கள் 118 நாட்களும் வேலைநிறுத்தம் செய்து, செயற்கை நுண்ணறிவுக்கு ஓரளவு கடிவாளம் போடும் ஒப்பந்தங்களைப் பெற்றார்கள். மும்பையின் திரைத் தொழிலாளர் சம்மேளனத்துக்கும் சென்னையின் பெப்சிக்கும் முன்னால் இருக்கும் பாதை அதுதான். ஒப்பந்தம் இல்லாத இடத்தில் நன்றியுணர்வை எதிர்பார்க்க முதலாளித்துவம் தர்ம சத்திரம் அல்ல.

இயந்திரத்தின் சாதிக் கண்

2025 அக்டோபர் தொடக்கத்தில் ‘எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ’ ஒரு ஆய்வை வெளியிட்டது. சோராவிடம் சாதிப் பெயர்களோடு தொழில், வீடு, நடத்தை என்று எழுதிக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பிராமணரின் தொழில் என்று கேட்டால் வெளுத்த நிறமுடைய புரோகிதர் வந்தார். தலித்தின் தொழில் என்றால் கறை படிந்த உடையோடு, துடைப்பம் ஏந்திய, கழிவுநீர்க் குழிக்குள் இறங்கும் கறுத்த மனிதர். தலித்தின் வீடு என்றால் ஓலைக் கூரைக் குடிசை. தலித்தின் நடத்தை என்று கேட்டபோது, சில முறை மனிதரே வரவில்லை. நாயும் பூனையும் வந்தன.

மும்பைத் தமிழர்களுக்கு இந்தக் கண் புதிதல்ல. ரயில் பாதைக்குக் கிழக்கே மாதுங்காவில் எழுத்தர் வேலைக்கும் வங்கி வேலைக்கும் வந்த மேல்சாதித் தமிழர்கள் கோயில்களும் உணவகங்களும் கட்டினார்கள். தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை 1932இல் நிறுவினார்கள். பாதைக்கு மேற்கே தாராவியில், தொட்டால் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட தோலைத் தொட்டுத் தொழில் வளர்த்தவர்கள் ஆதிதிராவிடர்களும் தமிழ் முஸ்லிம்களும். பேசியது ஒரே மொழி. ஆனால் ஒருவர் முகவரியை மற்றவர் உரக்கச் சொல்லவும் கூசிய காலம் உண்டு. அந்தக் கூச்சத்தை, அந்த அருவருப்பைத்தான் இயந்திரம் இணையத்திலிருந்து உறிஞ்சியிருக்கிறது. தாராவியில் பிறந்து வழக்கறிஞரான பெண்ணும், பொறியாளரான இளைஞனும், பள்ளி நடத்தும் ஆசிரியரும் உண்டு. சாதிப் பெயரை எழுதினால் அவர்கள் இந்தக் கருவியிலிருந்து வெளிவருவதில்லை. சாதியை ஒழிக்கப் போராடிய நூறாண்டு உழைப்பை ஒரு விநாடியில் பின்னுக்கு இழுக்கும் ஒரு கருவியை ‘ஜனநாயகம்’ என்று அழைப்பதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

இரண்டு தாராவிகளுக்கு நடுவே

தாராவிக்கு உலகில் இரண்டு படங்கள்தான் புழக்கத்தில் உள்ளன. ஒன்று குப்பை, சாக்கடை, ரவுடி, அரைநிர்வாணக் குழந்தை. சுற்றுலாக் கேமராவும் திரைப்படமும் சேர்ந்து உண்டாக்கியது. இரண்டாவது, மறுவளர்ச்சி விளம்பரப் படம்: கண்ணாடிக் கோபுரம், புல்வெளி, ஜாகிங் செய்யும் குடும்பம். முதல் படம் இரண்டாவதற்கு நியாயம் கற்பிக்கிறது. பானை சுடும் கும்பர்வாடாவின் சூளையும், பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கும் கொட்டகையும், மாடியில் மெஷின் ஓடும் தையற்கூடமும், இட்லி வேகவைத்து விடியுமுன் கூடையில் தூக்கிச் செல்லும் தமிழர் வீடுகளும் இரண்டிலும் இல்லை. உழைக்கும் தாராவி என்கிற மூன்றாவது தாராவி இரண்டு படத்துக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கிறது.

நசுங்குவது படத்தில் மட்டுமா? 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டு அதானி குழுமம் தாராவித் திட்டத்தைப் பெற்றது. திட்டத்துக்கான கம்பெனியில் 80 சதவீதம் அதானிக்கு, 20 சதவீதம் மகாராஷ்டிர அரசுக்கு. அதற்கு ‘நவபாரத்’ என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். 2024 மார்ச்சில் கணக்கெடுப்பு தொடங்கியது. டிரோன்கள் பறந்தன, லேசர் கருவிகள் சந்து சந்தாக அளந்தன, தாராவிக்கு ஒரு ‘டிஜிட்டல் இரட்டை’ தயாரிக்கப்பட்டது. கதவுகளில் எண்கள் பூசப்பட்டன. 2025 மே மாதத்தில் பெருந்திட்டத்துக்கு பட்னவிஸ் அரசு ஒப்புதல் தந்தது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வாழ்வதாக நிரூபிப்பவருக்கு மட்டுமே தாராவிக்குள் 350 சதுர அடி இலவச வீடு. அதற்குப் பிறகு வந்தவருக்கும், எவ்வளவு காலமாக வாழ்ந்தாலும் மேல்மாடியில் வாழ்ந்த குற்றத்தைச் செய்தவருக்கும், தாராவிக்கு வெளியேதான் இடம். அந்த இடங்களில் ஒன்று, செம்பூருக்கு அப்பால் உள்ள தேவ்னார் குப்பைமேட்டின் 124 ஏக்கர்.

அங்கே அனுப்பப்படும் உழைப்பாளிக்கு என்ன காத்திருக்கிறது என்பதற்கு மாகுல் சாட்சி சொல்லும். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அனல்மின் நிலையமும் சூழ்ந்த, செம்பூரை ஒட்டிய பகுதி அது. தண்ணீர்க் குழாய் ஓரக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களை அங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள். மூச்சுத் திணறி மக்கள் போராடிய பிறகு, அங்கே போகுமாறு அவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது, மாதம் 15,000 ரூபாய் வாடகை தர வேண்டும் என்று 2019இல் பம்பாய் உயர்நீதிமன்றம் சொன்னது. இந்த மாகுலில்தான் கதை ஒரு வட்டமடிக்கிறது. அங்கே டாடாவின் நிலக்கரி மின் அலகு மூடப்பட வேண்டிய காலம் தள்ளிப்போனதற்கு, மும்பையில் பெருகிவரும் தரவு மையங்களின் மின் பசி ஒரு முக்கியக் காரணம் என்று 2025 நவம்பரில் பிரிட்டனின் ‘கார்டியன்’ நாளேடு வெளியிட்ட புலனாய்வு காட்டியது. எங்கோ ஒருவர் ஒரு வரி எழுத, எட்டு விநாடி மழை பெய்கிறது. அத்தகைய கருவிகளை இயக்கும் தரவு மையத் தொழிலின் புகை மாகுல் குழந்தையின் நுரையீரலில் படிகிறது.

கூகுள் 2025 அக்டோபர் 14 அன்று விசாகப்பட்டினத்தில் 1,500 கோடி டாலரில் செயற்கை நுண்ணறிவு மையம் அமைப்பதாக அறிவித்தது. அதில் பங்காளி அதானியின் தரவு மையக் கம்பெனி. தாராவியின் நிலமும் காணொளி இயந்திரத்தின் உலையும் ஒரே குழுமத்தின் கணக்குப் புத்தகத்தில் அருகருகே வந்து உட்கார்ந்துவிட்டன. விநியோகம் அம்பானியிடம். இத்தனைக்கும் பிறகு, ஏழையின் கைபேசிக்குள் ஸ்டூடியோ வந்துவிட்டது என்று சொல்வது, வாடகைக்கு விடப்பட்ட சைக்கிளை வைத்துக்கொண்டு சைக்கிள் கம்பெனிக்கே சொந்தக்காரன் என்று நினைப்பதற்குச் சமம்.

வெறுப்பின் தொழிற்சாலை

1960இல் பால் தாக்கரே தொடங்கிய ‘மார்மிக்’ ஒரு கேலிச்சித்திர வாரஇதழ். அலுவலகங்களில் பணியாற்றும் தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியலை அது அச்சிட்டது. 1966இல் சிவசேனை பிறந்ததும் மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் தமிழர்கள் ‘லுங்கிவாலா’ ஆனார்கள். கடைகள் நொறுக்கப்பட்டன. ஒரு கேலிச்சித்திரக்காரரின் பேனாவுக்கே அவ்வளவு வலு இருந்தது என்றால், நொடிக்கொரு படம் வரையும் இயந்திரத்துக்கு எவ்வளவு வலு இருக்கும்? 2025 செப்டம்பரில் அசாம் பாஜகவின் அதிகாரப்பூர்வப் பக்கம் அதற்கு விடை தந்தது. தாங்கள் ஆட்சியில் இல்லாவிட்டால் அசாம் எப்படி இருக்கும் என்று செயற்கைக் காணொளி ஒன்றை அது வெளியிட்டது. தேயிலைத் தோட்டம் முதல் விமான நிலையம் வரை, தொப்பியும் பர்தாவும் அணிந்தவர்கள் மாநிலத்தையே கைப்பற்றிவிட்டதாக அதில் காட்சிகள். உச்ச நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்யப்பட்டு, அக்டோபர் 7 அன்று நோட்டீஸ் அனுப்பப்பட்டது. இன்று அந்தக் காணொளியில் தொப்பி அணிந்தவர் இருக்கும் இடத்தில்தான் அன்று லுங்கி கட்டியவர் இருந்தார் என்பதை மும்பைத் தமிழர்கள் மறந்துவிட முடியாது. 1992-93 கலவரத்தில் வதந்தியும் பத்திரிகை எழுத்தும் செய்த கொலைகளை ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தின் அறிக்கையில் படிக்கலாம். தாராவியும் அதில் இருக்கிறது.

மோடி அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்துவிட்டதே என்று சிலர் ஆறுதல் அடைகிறார்கள். 2026 பிப்ரவரி 20 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தகவல் தொழில்நுட்ப விதிகள், செயற்கைக் காணொளிகளுக்கு அடையாளம் இட வேண்டும் என்கின்றன. நல்லது. படத்தின் பத்தில் ஒரு பங்கை அடையாளம் மறைக்க வேண்டும் என்று முந்தைய வரைவில் இருந்த விதி, கம்பெனிகளின் எதிர்ப்புக்குப் பின் காணாமல் போனது. மாறாக, அரசு சொன்னால் 36 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்றிருந்தது மூன்று மணி நேரமாகச் சுருக்கப்பட்டுவிட்டது. கம்பெனிக்குத் தளர்வு, அரசுக்குக் கத்தரிக்கோல். இந்தக் கத்தரி முதலில் வெட்டப்போவது ஆளும் கட்சியின் வெறுப்புக் காணொளியையா, புல்டோசரின் முன்னால் நிற்கும் பெண்ணின் காணொளியையா என்று கேட்கத் தேவையில்லை.

“அவர்கள் செய்யும்போது இடதுசாரிகள் செய்தால் என்ன?”

இனி, தொடக்கத்தில் சொன்ன வாதத்துக்கு. இடதுசாரிகள் ஏற்கெனவே இதைத் தொட்டுப் பார்த்துவிட்டார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் மேற்கு வங்கத்தில் மார்க்சிஸ்ட் கட்சி ‘சமதா’ என்ற செயற்கை அறிவிப்பாளரை இறக்கியது. உடல்நலம் குன்றி வீட்டில் இருந்த முன்னாள் முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்யாவின் உருவத்தையும் குரலையும் செயற்கையாக உருவாக்கிப் பிரச்சாரக் காணொளி வெளியிட்டது. இவை செயற்கை என்று மறைக்கப்படவில்லை. ஏமாற்று நோக்கமும் இல்லை. ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. மக்களிடம் இடதுசாரிகளுக்கு மிச்சமிருக்கும் முதலீடு எது? பணமா, தொலைக்காட்சியா, பல்லாயிரம் பேர் கொண்ட ஐ.டி. பிரிவா? எதுவுமில்லை. இவர்கள் காட்டும் படம் உண்மையாக இருக்கும் என்ற ஒரே நம்பிக்கைதான்.

1985இல் ஆனந்த் பட்வர்தன் ‘பம்பாய்: எங்கள் நகரம்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். குடிசைகள் இடிக்கப்படும் காட்சிகள் நிறைந்த படம் அது. நடைபாதைவாசிகளின் வாழ்வுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் அதே ஆண்டில்தான். அந்தப் படத்தில் வீடிழந்த ஒரு பெண் கேமராவைப் பார்த்து இயக்குநரையே திட்டுகிறார். எங்களைப் படம் பிடித்து உனக்கு என்ன ஆகப்போகிறது, உனக்குப் பெயர் வரும், எங்களுக்கு என்ன வரும் என்பது அவரது கோபத்தின் சாரம். பட்வர்தன் அதை வெட்டி எறியவில்லை. படத்திலேயே வைத்தார். இயக்குநரின் வர்க்கத்தை, அவரது நல்லெண்ணத்தை, கேமராவின் உரிமையை ஒரு பெண் நடுத்தெருவில் நிறுத்திக் கேட்கிறார். அந்தக் கேள்வியால்தான் படம் கூர்மை பெற்றது.

“வீடிழந்த தாராவிப் பெண், அழுகிறாள், பின்னணியில் புல்டோசர்” என்று எழுதினால் ஒரு பெண் வருவாள். நன்றாக அழுவாள். கண்ணீர்த் துளியில் வெயில் மின்னும். அவள் ஒருபோதும் திரும்பி, ‘நீ யார், என் வீட்டைப் பற்றி உனக்கு என்ன தெரியும், போன தேர்தலில் வந்துவிட்டு இப்போதுதான் வருகிறாயா’ என்று கேட்க மாட்டாள். உழைக்கும் மக்களைப் பற்றிய கட்சியின் சொந்தக் கற்பனையைக் கட்சிக்கே திருப்பிக் காட்டுவாள், அவ்வளவுதான். மக்களிடம் போகாமலேயே மக்களைக் காட்ட முடியும் என்பதுதான் இந்தக் கருவி ஒரு புரட்சிகரக் கட்சிக்கு விரிக்கும் மிக ஆபத்தான வலை. பணமும் நேரமும் மிச்சமாகும். மிச்சமாவதோடு, கிளைக் கூட்டமும் வீடு வீடாகச் செல்லும் இயக்கமும் மெல்ல மெல்ல இல்லாமல் போகும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. போலிக் காணொளிகள் பெருகப் பெருக, அதிகாரத்தில் இருப்போர் உண்மையான காணொளியையும் ‘இது செயற்கை’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம். போலீஸ் தடியடியைக் கைபேசியில் பதிவுசெய்த இளைஞன் தன் படம் உண்மை என்று நிரூபிக்க அலைய வேண்டிவரும். அவனுடைய இயக்கமே நேற்று ஒரு செயற்கைக் காணொளியைப் பரப்பியிருந்தால், அவன் வழக்கு அன்றே பாதி தோற்றுவிடும்.

அப்படியானால் இயந்திரத்தை உடைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இயந்திரத்தையும் அதை முதலாளி பயன்படுத்தும் முறையையும் பிரித்துப் பார்க்கத் தொழிலாளி வர்க்கம் அனுபவத்தால் கற்றுக்கொண்டது என்பது மார்க்சியத்தின் அரிச்சுவடி. தாராவியில் ஒரே கூட்டத்தில் தமிழ், மராத்தி, இந்தி, உருது என நான்கு மொழி பேசுவோர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரது உண்மைப் பேச்சுக்கு மற்ற மொழிகளில் எழுத்து வடிவம் சேர்க்கவும், பழுதான ஒலியைச் சீர்செய்யவும், பிழை திருத்தவும் கருவியைப் பயன்படுத்தலாம். வரைபடத்துக்கும் கேலிச்சித்திரத்துக்கும், செயற்கை என்று பெரிதாக எழுதிவிட்டுப் பயன்படுத்துவதிலும் குடி முழுகிவிடாது. ஆனால் இல்லாத மனிதரை இருப்பதாகக் காட்டுவதும், நடக்காத நிகழ்வை நடந்ததாகக் காட்டுவதும், இறந்த தலைவரின் வாயில் சொற்களைப் போடுவதும் கட்சியின் எந்த அமைப்பும் செய்யக் கூடாதவை. இதைத் தனித்தனித் தோழர்களின் மனச்சாட்சிக்கு விட்டுவிடாமல், கிளைகள் விவாதித்து முடிவாக எழுதி வைப்பது நல்லது.

தாராவியின் தென் ஓரத்தில் மாதுங்கா லேபர் கேம்ப் இருக்கிறது. வாட்டேகாவ் கிராமத்திலிருந்து நடந்தே பம்பாய்க்கு வந்து சேர்ந்த தலித் குடும்பத்துப் பிள்ளை அண்ணாபாவ் சாட்டே, அங்கேதான் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்தார். 1944இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோரோடு ‘லால் பாவ்டா கலாபதக்’ என்ற செங்கொடிக் கலைக்குழுவை உண்டாக்கினார். அவர்களிடம் ஸ்டூடியோ இல்லை. ஒரு டஃப், நாலு தொண்டை, ஆலை வாசலில் கூடும் தொழிலாளர் கூட்டம். ஆட்சியாளர்கள் அவர்களது தமாஷாவுக்குத் தடை விதிக்கும் அளவுக்கு அது அவர்களை உறுத்தியது. பாட்டில் பிழை இருந்தால் ஆலைத் தொழிலாளி அங்கேயே எழுந்து நின்று திருத்துவான். அந்தத் திருத்தத்தில் இருந்தது ஜனநாயகம். ஜியோவின் 18 மாத இலவசத்தில் அதைத் தேடுவது வீண் வேலை.

தாராவியில் எல்லோருக்கும் தாராவிக்குள்ளேயே 500 சதுர அடி வீடு என்பது தாராவி பச்சாவ் ஆந்தோலன் முன்வைத்திருக்கும் கோரிக்கை. தகுதியற்றவர் பட்டியல்களும் மேல்முறையீடுகளும் இனி வரிசையாக வரும். அந்தப் போராட்டத்துக்கு அதானியின் டிஜிட்டல் இரட்டையில் இல்லாத ஒன்று தேவைப்படுகிறது. எண் பூசப்பட்ட ஒவ்வொரு கதவின் முன்னாலும் அந்த வீட்டுக்காரரே, அவர் சம்மதத்தோடு, சாதாரணக் கைபேசியில் பதிவுசெய்யப்பட வேண்டும். எந்த ஆண்டு வந்தார், என்ன தொழில், மேல்மாடியில் எத்தனை பேர், எந்த ஆவணம் இருக்கிறது, எது மழையில் போனது என்பதை அவர் தன் மொழியில் சொல்லட்டும். வெட்டாமல், ஒட்டாமல், நாளும் நேரமும் தெரியும்படி மூலப் பதிவு இரண்டு இடங்களில் பாதுகாக்கப்பட வேண்டும். அவர் கட்சியைத் திட்டினால் அதுவும் அப்படியே இருக்கட்டும். மாதுங்காவிலும் செம்பூரிலும் உள்ள தமிழ் வழக்கறிஞர்களும் மாணவர்களும் இந்தப் பதிவுகளை மராத்தியில் எழுதிக் கொடுக்க முன்வந்தால், தேவ்னாருக்கு அனுப்பப்படுவோரின் பட்டியல் வெளியாகும் நாளில் அவை மேல்முறையீட்டு மனுக்களோடு இணைக்கத் தயாராக இருக்கும்.